பாதத்தில் தொடங்கச் சொன்னது சரிதான்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை அம்மாவும் நானும் சேர்ந்திருந்து கேட்டோம். "கழுத்து நோவென்று போன பிள்ளைக்குக் காலைப் பிடிச்சு உருட்டுறாவாம், உது என்ன வைத்தியம்?" என்று அம்மாவுக்குக் கோபம். உன் குரலிலும் அதே கோபம் தெரிந்தது. போனிலேயே பதில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்து ஒரு விசயத்தை முடிப்பதற்குள் அம்மா வந்து, இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கத் தொடங்கிவிடுவா. கதை அந்தப் பக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

உன்னை அனுப்பியிருப்பது சைக்கோமோட்டர் பிசியோதெரபிக்கு என்று நீ சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். உடம்பையும் மனதையும் சேர்த்துப் பார்க்கிற அந்த முறை நீ இருக்கிற ஊரிலேயே பிறந்தது. 1940களில் ஒஸ்லோவில் ஓடெல் பூலோ ஹான்சன் என்ற பிசியோதெரபிஸ்ட் அம்மையாரும் திரிக்வே புரோத்தோய் என்ற மனநல வைத்தியரும் சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார்கள். நோகிற இடத்தைப் பிடித்துவிட்டால் ஆறுகிறது, கொஞ்ச நாளில் ஆள் அதே நோவோடு திரும்பி வந்து நிற்கிறார், ஏன்? இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும். நானும் கிளிநொச்சியில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவர்கள் அதற்கு முழு உடம்பையும் பார்த்தார்கள். தோள் இறுகிய ஆளுக்குத் தாடையும் இறுகியிருக்கும், வயிறு உள்ளே இழுபட்டிருக்கும், முழங்கால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும், மூச்சு நெஞ்சின் மேற்பக்கத்தோடு நின்றுவிடும். ஒன்றை மட்டும் இளக்கினால் மற்றவை சேர்ந்து அதைப் பழைய நிலைக்கே இழுத்துவிடும். பாதம் நிலத்தில் வடிவாகப் படியாவிட்டால், விழுந்துவிடுவோமோ என்று உடம்பு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கும். பிறகு கழுத்தைப் போய்ப் பிசைந்து என்ன பயன்? உன் குதிக்காலை உருட்டிவிட்டு, "இப்போது நிலம் எப்படித் தெரிகிறது?" என்று உன் பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டாரே, கெட்டிக்காரி. வேண்டிய இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

நீ அதற்குச் சொன்ன பதிலைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "ஒன்றும் தெரியவில்லை, அது என்ரை கால், அவ்வளவுதான்" என்று சொன்னாயாம். சொல்லிவிட்டு, சோதனையில் பெயிலான பிள்ளை மாதிரி வெட்கமாக இருந்தது என்றும் சொன்னாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மகள். அது ஒரு நேர்மையான பதில். வைத்தியம் செய்கிற ஆளுக்கு அதைவிட உதவியான பதில் கிடைக்காது.

கண்ணை மூடினாலும் உன் கை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிகிறதல்லவா? தசைகளுக்குள் மெல்லிய உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். தசைநாணில் இருப்பவை இழுவையைச் சொல்லும், உள்காதில் இருப்பவை தலையின் சாய்வைச் சொல்லும். சார்ள்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1906இலேயே இதைத் தனிப் புலன் என்று பிரித்து எழுதினார். ஐம்புலன் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்களே என்று எனக்கு இப்போதும் ஒரு மனக்குறை. இதைவிட இன்னொன்றும் உண்டு. நெஞ்சு அடிப்பது, வயிறு காய்வது, மூச்சு முட்டுவது, உடம்பு சூடாவது, இவற்றை உள்ளிருந்து உணர்கிற புலன். மூளையில் இன்சுலா என்ற பகுதிக்கு அதில் பெரிய பங்கு. பயத்தையும் ஆறுதலையும் நாம் உணர்வதிலும் அதே பகுதிக்குப் பங்கு இருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்பைப் பார், அதன் இழைகளில் பெரும்பகுதி உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூளை மேலேயிருந்து கட்டளை போடுகிற அதிகாரி என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நாள் முழுக்கக் கீழேயிருந்து வருகிற செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, கேட்க முடியாத அளவுக்குச் செய்தி வந்தால் என்ன செய்யும்? சத்தத்தைக் குறைத்துவிடும்.

2009இல், சண்டையின் கடைசிக் காலத்தில், புதுமாத்தளனில் நீ தம்பியைத் தூக்கிக்கொண்டு நீரேரிக்குள் இறங்கிய அன்று உன் வலது பாதம் முள்ளுக்கம்பியில் கிழிபட்டிருந்தது. செட்டிகுளம் முகாமுக்கு வந்த பிறகுதான் அம்மா அதைக் கண்டா, இரத்தம் சேற்றோடு காய்ந்து போயிருந்தது. நோகவில்லையா என்று கேட்டதற்கு, இல்லை என்றாய். பொய் சொல்லவில்லை நீ. அன்று உன் பாதத்து நோவைக் கேட்டுக்கொண்டிருந்தால் உன்னால் தம்பியைக் கரை சேர்த்திருக்க முடியாது. மூளை அந்தக் கம்பியைத் துண்டித்தது உன்னைக் காப்பாற்றத்தான். ஆபத்து முடிந்ததும் சில பேருக்கு அது தானாகத் திரும்ப இணையும். சில பேருக்கு இணையாமல் அப்படியே இருந்துவிடும், அவர்களும் கல்யாணம் கட்டி, வேலைக்குப் போய், வரி கட்டி, எல்லாம் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

இறுக்கமும் அப்படித்தான். குண்டு போட வருகிற கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டதும் தோள் மேலே போகும், தலை உள்ளே இழுபடும், வயிறு ஒட்டும், மூச்சு நிற்கும். உலகத்தில் எந்த மனிதரைத் திடுக்கிட வைத்தாலும் இதேதான் நடக்கும். ஒரு தரம் என்றால் அடுத்த நிமிடம் இளகிவிடும். மாதக் கணக்காகப் பங்கருக்குள்ளும் வெளியிலும் இருந்தால் அந்த நிலையே உடம்பின் வழக்கமான நிலையாகிவிடுகிறது. தோமஸ் ஹன்னா என்ற அமெரிக்கர் 1980களில் இதைப் பற்றி நிறைய எழுதினார். ஒரு தசை நெடுங்காலம் இறுகிக் கிடந்தால், அதை இளக்குகிற வழியையே மூளை மறந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். தோளை இறக்கு என்று உனக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! இறங்காது. உன்னைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே இறங்கித்தானே இருக்கிறது.

அதற்கு அவர் சொன்ன வழி எனக்குப் பிடிக்கும், அதை நீ வீட்டிலேயே செய்யலாம். உயர்ந்து நிற்கிற தோளை வலிந்து கீழே இழுக்காதே. அதை நீயாகவே இன்னும் கொஞ்சம் உயர்த்து, நோகாத அளவுக்கு மட்டும். அங்கே ஒரு கணம் வைத்திரு. பிறகு எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இறக்கு. தானாக நடந்த இறுக்கத்தை நீ உன் விருப்பத்தோடு செய்து காட்டும்போது, மூளை அந்தத் தசையைத் திரும்பத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டு நாய் காலையில் எழும்பியதும் முன்காலை நீட்டி முதுகை வளைத்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் படியிறங்கும், அதற்கு யாரும் படிப்பிக்கவில்லை. நீயும் சின்னனில் அப்படித்தான் எழும்புவாய். பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுது என்று அம்மா சத்தம் போடுவா.

இங்கே ஒரு விசயத்தில் எனக்கும் இப்போது பரவலாகச் சொல்கிறவர்களுக்கும் ஒத்துவராது. துன்பம் தசைக்குள் சேமித்துக் கிடக்கிறது, அழுத்தி வெளியே எடுக்க வேண்டும் என்று வீடியோ வீடியோவாகப் போடுகிறார்கள். நீயும் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாய். தசைக்குள் எந்த ஞாபகமும் கிடையாது, பிள்ளை. தசையை எவ்வளவு இறுக்கி வைத்திருக்க வேண்டும் என்று நரம்புத்தொகுதி தீர்மானிக்கிறது, அந்தத் தீர்மானம் பழக்கமாகிவிட்டது. பழக்கத்தை மாற்றலாம், ஆனால் தோண்டி எடுக்க அங்கே ஒன்றும் புதைந்து கிடக்கவில்லை. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோண்ட வேண்டும் என்று நம்புகிற ஆள் உன்னை அழவைத்துவிட்டுச் சிகிச்சை வெற்றி என்பார். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் குறையில்லை. நீ மாத்தளனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே கழுத்து இளகலாம்.

"இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சின்னதாக அசைத்து என்ன நடக்கப் போகுது" என்று கேட்டாய். முதுகில் 50 கிலோ நெல் மூட்டையோடு நிற்கிறவனின் மூட்டைக்குள் இன்னொரு கொத்து நெல்லைப் போட்டுப் பார், அவனுக்குத் தெரியாது. வெறுங்கையில் ஒரு பிடி நெல்லை வை, உடனே தெரியும். பாரம் கூடக்கூட வித்தியாசத்தை உணர்கிற திறன் குறைகிறது. உடலியலில் பழைய விதி இது. மோஷே ஃபெல்டன்கிரைஸ் தன் முறையை இதன்மேல்தான் கட்டினார். 1904இல் பிறந்தவர், இயற்பியலும் பொறியியலும் படித்தவர், ஜூடோக்காரர். முழங்கால் பழுதாகி, தான் எப்படி நடக்கிறேன் என்று தன்னையே கூர்ந்து பார்த்துப் பார்த்து ஒரு வழி கண்டார். பலத்தைக் குறை, வேகத்தைக் குறை, அப்போதுதான் எது அசைகிறது, எது அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று உனக்கே தெரியும். தெரிந்த பிறகு அதை மாற்ற அதிகம் பாடுபடத் தேவையில்லை. ஜிம்முக்குப் போய்ப் பாரம் தூக்குவதும் நல்லதுதான், அதை நிறுத்தாதே. அது வேறு வேலை.

அசைவு மூளைக்குள் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டது காலிழந்த பிள்ளைகளிடம். இல்லாத காலின் விரல்கள் மடங்கி இறுகி நோகுது என்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பைத்தியம் என்பார்கள். மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது, கால் போனாலும் வரைபடத்தில் கால் போகவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு கண்ணாடியை வைத்தார். இருக்கிற காலை (அவர் முதலில் செய்தது கையோடு) கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அசைக்க வேண்டும். இல்லாதது அசைகிற மாதிரித் தெரியும். இறுகியது இளகும். இங்கே நாங்கள் அலுமாரிக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடியில் செய்து பார்த்தோம். எல்லாருக்கும் சரிவரவில்லை. சரிவந்த பெடியன் ஒருவன், "அண்ணை, விரல் விரிஞ்சிட்டுது" என்று சிரித்தான். மருந்தும் ஊசியும் கொடுக்காமல், பார்த்துக்கொண்டே அசைத்ததால் மட்டும் ஒரு நோவு போனது. நோர்வேயில் உன் குதிக்காலில் நடப்பதும் அந்த வரைபடத்தில் மங்கிப்போன ஓரிடத்தைத் திரும்பக் கீறுகிற வேலைதான்.

நான் பென்சன் எடுத்த பிறகு வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கொஞ்சப் பெண்களுக்கு இந்த மாதிரி அசைவுகள் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அம்மா சொல்லியிருப்பா. தொடக்கத்தில் மாதர் சங்கத் தலைவிதான் கூப்பிட்டவர், முழங்கால் நோவுக்கு ஏதாவது சொல்லித்தாங்கோ என்று. வந்தவர்களிடம் கேட்டால் முழங்கால் பிறகு. நெஞ்சு பதறுது, தலை விறைக்குது, உடம்பெல்லாம் உளையுது, நித்திரை இல்லை. ஒருவருக்கும் மனதில் வருத்தமில்லை, எல்லாம் உடம்பில்தான். பரிசோதனை எல்லாம் செய்து ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்று அவர்களுக்கு மனத்தாங்கல். ஒன்றுமில்லை என்பது சரியான பதிலில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

பாயில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, மூச்சைக் கவனியுங்கள் என்று புத்தகங்களில் இருக்கும். இங்கே அது ஓடாது. கண்ணை மூடினால் சிலருக்குப் படம் ஓடத் தொடங்கிவிடும். மல்லாந்து படுத்தால் பங்கர். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் நெஞ்சு இன்னும் பதறும். அதனால் பிளாஸ்ரிக் கதிரையில், கண் திறந்தபடி, கதவு தெரிகிற பக்கமாக இருந்து தொடங்குவோம். முதலில் பாதமும் கையும். நெஞ்சுப் பக்கம் போவது மெத்தப் பிந்தி, விரும்பினவர்களுக்கு மட்டும். கொஞ்சநேரம் செய்வோம், பிறகு நிறுத்திவிட்டு யன்னலால் வெளியே பார்ப்போம், மரத்தைப் பார்ப்போம், யாராவது ஏதாவது பகிடி சொல்வார்கள். திரும்பச் செய்வோம். கஷ்டமான உணர்வுக்குக் கிட்டப் போவதும் விலகி வருவதுமாக இருக்க வேண்டும். போனால் அங்கேயே நிற்கக் கூடாது. வேண்டாம் என்கிறவர் சும்மா இருந்து பார்க்கலாம். ஒரு அம்மா பல வாரம் கதிரையில் சும்மாவே இருந்தார். அவருடைய மகனைக் காணாமல் போனோர் பட்டியலில்தான் தேடிக்கொண்டிருக்கிறார், கந்தசுவாமி கோயிலடிப் போராட்டப் பந்தலுக்கும் போய் வருகிறவர். ஒருநாள் தானாகவே குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தத் தொடங்கினார். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன்.

என்னைக் கேட்டால் இந்த வைத்தியத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. எங்கள் உடம்புகள் எத்தனை வருசம் மற்றவர்களின் சொல்லுக்கு அசைந்தவை என்று நினைத்துப் பார். ஓடு, படு, எழும்பு, கையை உயர்த்து, வரிசையில் நில், இந்த வாகனத்தில் ஏறு. நிவாரணத்துக்கு நின்ற வரிசையில் மயங்கி விழுந்தவர்கள்கூட வரிசை குலையாமல்தான் விழுந்தார்கள். அப்படியான ஒரு உடம்பு, இந்தக் காலை இப்போது அசைக்கப் போகிறேன், இவ்வளவுதான் அசைப்பேன், இனிக் காணும் என்று தானே தீர்மானிப்பது சின்ன விசயமில்லை. ஆகவே அந்தப் பெண் உன்னைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தரமும் கேட்கிறாரா என்று பார். கேட்கிறார் என்றால் நல்ல ஆள். உனக்கு விருப்பமில்லாத நாளில் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார், சும்மா ஒரு பரீட்சைக்கு. முகம் கோணாமல் விட்டால் தொடர்ந்து போ. கோணினால் வேறு ஆளைத் தேடு.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் கண்டுபிடிப்பு என்று அம்மா நினைக்கிறா. யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் பாதிக்கப்பட்ட எங்கள் ஆக்களுக்கு செபமும் மூச்சுப்பயிற்சியும் சாந்தி ஆசனமும் என்று எங்களுக்குப் பழக்கமான முறைகளையே சிகிச்சையாகக் கொடுத்து, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். கூத்துப் பழகுகிற இடத்தில் அண்ணாவியார் என்ன செய்கிறார்? மத்தளத்துக்குக் காலை வைக்கப் பழக்குகிறார், பத்துப் பேரின் கால் ஒரே நேரத்தில் விழும்வரை விடமாட்டார். உன் அப்பப்பா நெல் அருவிவெட்டுக்குப் போன காலத்தில் பாட்டுப் பாடித்தான் வெட்டினார்கள், இப்போது இரணைமடுக் குளத்தின் கீழே வயல் முழுக்க மெஷின் வெட்டுகிறது, மனுசர் வரம்பில் நின்று போன் பார்க்கிறார்கள். முன்னோர் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அவர்களுக்கும் முதுகு நோவு இருந்தது. பலரோடு சேர்ந்து தாளத்துக்கு அசைகிற வாய்ப்பு எங்களிடம் இருந்தது, அது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒஸ்லோவில் தமிழ்ச் சங்கத்தில் கும்மி, கோலாட்டம் ஏதும் பழக்கினால் போய்ச் சேர். வடிவாக ஆட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று நீ கேட்பாய், என்னுடைய பிள்ளைதானே. இருக்கிறது, ஆனால் மலைபோல் இல்லை. 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வேறு சிகிச்சைகளுக்கு மசியாத மனவடு நோயோடு (பயங்கர அனுபவத்துக்குப் பிறகு வருகிறது, PTSD என்பார்கள்) இருந்த 64 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 10 வாரம் மெதுவான யோகா, மற்றப் பகுதிக்குப் பெண்கள் உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில், யோகா செய்து கணக்கெடுக்கப்பட்ட 31 பேரில் 16 பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்று சொல்வதற்கான அளவு இல்லாமல் போயிருந்தது. மற்றப் பக்கம் 29 பேரில் 6 பேர். நல்ல வித்தியாசம். ஆனால் 64 பேர் என்பது சின்னக் கூட்டம், யோகாவும் நீ செய்வதும் ஒன்றல்ல. ஆகவே இதுவே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நித்திரை தொடர்ந்து வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், டொக்டரிடம் அதைத் தனியாகச் சொல். மருந்து தந்தால் எடு. உன்னோடு ஆறுதலாகக் கதைக்கிற ஒரு ஆளும் வேண்டும். அசைவு அவற்றோடு சேர்ந்து நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் சண்டையின் தலையில் போட்டுவிடாதே. யாழ் மாவட்டத்தில் 2009இல் வீடு வீடாக எடுத்த ஓர் ஆய்வில் மனவடு நோய் 7 வீதம், மனச்சோர்வு 22 வீதம், பதகளிப்பு, அதாவது ஓயாத பதற்றம், 32 வீதத்துக்கு மேல். பதகளிப்புத்தான் கூட. அதற்குக் காரணம் செல்லடி (எறிகணை வீச்சு) மட்டுமாக இருக்காது. கடன், பிரிவு, காத்திருப்பு எல்லாம் அதில் இருக்கும். நீ முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நாள் முழுக்க ஆக்களைத் தூக்கிப் புரட்டுகிறாய், குனிந்தபடி சப்பாத்து மாட்டிவிடுகிறாய், இருட்டில் போய் இருட்டில் வருகிறாய். எந்தக் கழுத்துக்கும் நோவு வரும். தூக்குவதற்கு அங்கே மெஷின் இருக்கிறது என்று சொன்னாய், அவசரத்தில் அதை விட்டுவிட்டுக் கையால் தூக்காதே. கை விறைத்துப் பலம் குறைந்தாலோ, இரவில் நோவு எழுப்பினாலோ, நெஞ்சு இறுகிக் கைக்கு இறங்கினாலோ பாதத்தை உருட்டிக்கொண்டு இராதே, உடனே டொக்டர்.

இப்போது முக்கியமானது. உன் இடது தோள்பட்டைக்குக் கீழே இருக்கிற செல் துண்டைப் பற்றி அந்தப் பெண்ணுக்குச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அந்தப் பக்கத் தோளை நீ அசைக்கப் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். அது ஆழத்தில் ஓரிடத்தில் உறைந்து கிடக்கிறது. இங்கே கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் அசையாமல்தான் இருந்தது. சின்ன அசைவுகளால் அதற்கு ஒன்றும் ஆகாது என்பது என் கருத்து, ஆனால் அங்கேயும் ஒரு எக்ஸ்ரே எடுத்து அவர்களே பார்த்துச் சொல்லட்டும். அதைவிட, கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் படுப்பதற்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம், இரும்புத் துண்டு உள்ளே இருந்தால் அசையலாம், சூடாகலாம். படிவத்தில் உலோகம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும், பல்லுக்கும் தோட்டுக்கும்தான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதே. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். போனில் சேமித்து வை.

கட்டில் விளிம்பில் இருந்து செய்கிற ஒன்றை மட்டும் தொடங்கு, வேறு ஒன்றும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு பாதமும் நிலத்தில். சப்பாத்து, மேசு எல்லாவற்றையும் கழற்று, குளிராக இருந்தால் கம்பளத்தின்மேல் வை. வலது பாதத்தால் நிலத்தை லேசாக அழுத்து, ஒரு ஆளுக்குத் தெரியாத அளவுக்கு. அழுத்தியதைவிட மெதுவாக விடு. குதிக்கால் பக்கமா, பெருவிரல் பக்கமா, எங்கே பாரம் கூட என்று பார். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று அந்தப் பெண்ணிடம் அப்படியே சொல். இடது பாதத்தோடும் செய். பிறகு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அறையைச் சுற்றி ஓடவிடு, யன்னல், கதவு, லாம்பு, கடைசியில் தலையையும் அதன் பின்னால் போகவிடு. கழுத்துக்கு நான் தருகிற பயிற்சி இவ்வளவுதான். கொட்டாவி வந்தால் அடக்காதே. மூச்சு இறங்குகிறது என்று அர்த்தம், பூலோ ஹான்சன் அம்மையாரின் வழியில் வந்தவர்கள் அதை நல்ல குறியாகத்தான் பார்க்கிறார்கள். பிரயாணத்தில், பஸ்ஸில், தரிப்பிடத்தில் நிற்கும்போது முழங்காலைப் பூட்டாமல் கொஞ்சம் இளக்கி நில். ஒருநாள் செய்யாமல் விட்டால் அடுத்த நாள் சேர்த்துச் செய்யாதே.

அந்தப் பெண் வேறு என்னென்ன செய்யச் சொல்கிறார் என்று எழுதி அனுப்பு. இந்த முறையை அங்கே போய்ப் படிக்க எனக்கு வாய்ப்பு வரவில்லை, உன் மூலமாவது தெரிந்துகொள்கிறேன். மண்டபத்தில் கேட்கிறார்கள், சேர் புதுசாக ஏதும் இல்லையோ என்று.

தம்பி நாளைக்கு வவுனியாவுக்குப் போகிறான். அம்மா மிளகாய்த்தூள் இடிக்கக் கொடுத்திருக்கிறா, ஒடியல் மாவும் வைக்கப் போகிறாவாம். பொதியில் இடம் மிச்சமிருக்கிறது. என்ன வேணும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் சொல், பிறகு சொல்லவில்லை என்று என்னோடு சண்டைக்கு வராதே.

அன்புடன்,
அப்பா
கிளிநொச்சி